ஒரு செபமாலை தூரம்

மலையூத்து விமான நிலையத்துக்கும் தேரிக்குளம் விமான நிலையத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால், பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு ராத்திரி என்பார்கள், விமானக் கம்பெனிக்காரர்கள் சீட்டில் அச்சடித்திருக்கிற நேரத்தைக் காட்டுவார்கள், பிலோமினாள் மட்டும் ஒரு செபமாலை தூரம் என்பாள். அதைக் கேட்டு அங்கே யாரும் சிரித்தது கிடையாது. தேரிக்குளம் விமான நிலையத்தின் வாசலுக்கு வெளியே, ஒரு பக்கம் சிவந்த தேரி மணலும் மறுபக்கம் வெள்ளை உப்பளமும் கண்ணுக்கு எட்டின மட்டும் கிடக்க, நடுவில் நின்ற ஒற்றை வாகை மரத்தின் கீழே அவள் டீயும் சுக்குக் காப்பியும் புட்டும் விற்றுக்கொண்டிருந்தாள்; அங்கே வண்டி போட்டிருந்த டாக்சிக்காரர்கள் எல்லாரும் அவள் கையில் உருளுகிற மணியைப் பார்த்துத்தான் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

அது எப்படியென்றால், அவளுடைய இளைய மகன் கஸ்பர் மலையூத்து விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலையில் இருந்தான். காலையில் அந்தச் சின்ன விசிறி விமானத்தின் வயிற்றில் கடைசிப் பெட்டியையும் அடுக்கிக் கதவைச் சாத்தி, அது ஓடி மேலே எழும்பினதும், அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். இடுப்பில் செருகின ஃபோன் அடித்து ஓய்ந்தால், பிலோமினாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்து, சிலுவை அடையாளம் போட்டுச் செபமாலையைத் தொடங்குவாள். டீ ஆற்றுவாள், சில்லறை கொடுப்பாள், புட்டுக் குழலைத் தட்டுவாள், உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். பத்துப் பத்து மணியாக ஐந்து தேவ இரகசியமும் முடிந்து, கடைசியாகச் சொல்லுகிற கிருபைதயாபத்து மந்திரத்துக்கு அவள் வாய் திறக்கிற சமயம், வடமேற்கே உடைமரக் காட்டுக்கு மேலே விமானம் ஒரு வெள்ளி மீனைப்போல மினுங்கும். மழையானாலும் காற்றானாலும் ஒரு மணி பிசகினது கிடையாது.

அந்த விமானத்தில் இறங்குகிறவர்களின் பெட்டியை வாங்கி வண்டியில் வைக்கிறவர்களில் ஒருவன் அவளுடைய மூத்த மகன் அமலதாஸ். அவனும் அங்கே டாக்சி ஓட்டினான். தம்பி அங்கே ஏற்றின பெட்டியை அண்ணன் இங்கே இறக்கினான். ஒரே கைப்பிடியில் முதலில் தம்பியின் கை, ஒரு செபமாலை கழித்து அண்ணனின் கை. ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

தகப்பன் தொம்மையை அடக்கம் செய்த அன்றைக்கு நின்றுபோன பேச்சு அது. சித்திரை மாதம், தேரிக்காட்டில் மணல் காற்று அடிக்கிற காலம். கஸ்பர் அப்போது மலையூத்தில் ஒரு மில்லில் வேலையாயிருந்தான். இரண்டு ஊருக்கும் நடுவே அந்த நாளில் விமானம் விடவில்லை. செய்தி கேட்டுப் பஸ் ஏறினவன், "வந்துக்கிட்டே இருக்கேன், பெட்டிய மூடிராதிய, மூடிராதிய" என்று வழி நெடுக ஃபோனில் கெஞ்சிக்கொண்டே வந்தான். வெயில் ஏறிக்கொண்டே போனது. பங்குச்சாமியாருக்கு அடுத்த ஊரில் பூசை இருந்தது. "எடுங்கப்பா, இனி உடம்பு தாங்காது" என்று சொந்தக்காரர்கள் நாலு பக்கமும் நின்று சொன்னார்கள். அமலதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சவப்பெட்டியை மூட அதன் மூடியைத் தூக்கினான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் ஓடிவந்தான். மணலுக்குப் பயந்து எல்லாரையும்போலத் தலையோடு முகத்தையும் துண்டால் சுற்றியிருந்தான். சட்டைக்கு மேலே மினுங்குகிற பட்டை தைத்த பச்சை மேல்சட்டை. தெருமுனையில் அந்த மாதம் ரோடு போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் அப்படித்தான் போட்டிருந்தார்கள். வந்தவன் வாய் திறக்கவில்லை, கையெடுத்துக் கும்பிட்டான், அவ்வளவுதான். அமலதாஸ் மூடியைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த ஆள் முழங்காலில் நின்று, தொம்மையின் நெற்றியோடு தன் நெற்றியை வைத்து, மணல் வந்து முதுகில் விழ விழ, எழுந்திருக்க மனசில்லாதவனாய் வெகுநேரம் இருந்தான். எழுந்திருக்கும்போது தொம்மையின் சட்டையில் திறந்து கிடந்த கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டான். தொம்மை எந்தக் கோடையிலும் கழுத்துப் பொத்தானைப் பூட்டாமல் வாசல் தாண்டாத மனுஷன். குளிப்பாட்டி உடுத்தினவர்கள் அதை மறந்திருந்தார்கள். அழுகைக்கு நடுவிலும் பிலோமினாளுக்கு அது ஒரு முள்ளைப்போல மனசில் தைத்து நின்றது. பெற்ற பிள்ளைக்குத் தெரிகிற விஷயம் ரோட்டு வேலைக்காரனுக்கு எப்படித் தெரிந்தது?

மூடிக்கு ஆணி அடித்து, கல்லறைத் தோட்டத்தில் குழி மூடி, மண்வெட்டியால் மேட்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது கஸ்பர் வந்து சேர்ந்தான். மேட்டின் மேலே ஒரு பிடி மண் போட்டான். சித்திக்காரி ஒருத்தி, துக்கத்திலும் வாயை அடக்கத் தெரியாதவள், "ரோட்டுக்காரனுக்கு மூடிய தோள்ல வச்சிக்கிட்டு நின்னான், கூடப் பொறந்தவனுக்கு நிக்க மாட்டேன்னுட்டான்" என்று சொல்லிவிட்டாள். கஸ்பர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தான்.

"பேரு தெரியாதவனுக்கு நின்னிருக்க. எனக்கு நிக்கல."

அமலதாஸ் குனிந்து மேட்டைத் தட்டினான். நடந்தது அதுதானே. அதுதான் கடைசிப் பேச்சு. பிறகு இரண்டு ஊருக்கும் நடுவே விமானம் விட்டபோது, கஸ்பர் மில் வேலையை உதறிவிட்டு அங்கே பெட்டி தூக்கப் போனான். "இனி யாருக்கும் பிந்த மாட்டேம்மா" என்று மட்டும் சொன்னான். பிலோமினாள் தினமும் செபமாலை தொடங்குமுன் கேட்பாள்: "என் பிள்ளைக ரெண்டு பேருக்கும் நடுவுல கெடக்கிற தூரத்தைக் கொறைச்சுப் போடும் தாயே." மூன்று வருஷம் கேட்டாள். கேட்டுக் களைத்துப்போகாத ஒரே பிராணி தாய்தான் என்று மாதாவுக்கும் தெரியும், அவளும் ஒருத்தனைப் பெற்றவளாச்சே.

தவக்காலம் பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பிலோமினாள் நாலாம் தேவ இரகசியத்தில் இருக்கும்போதே விமானம் உடைமரக் காட்டின் மேலே மினுங்கியது.

"என்ன பிலோமினாக்கா, இன்னைக்கு அசந்து அசந்து சொல்லுதியளா?" என்றான் இசக்கி, பாதி டம்ளரோடு எழுந்து ஓடினபடியே. அமலதாஸுக்குப் பக்கத்து வண்டிக்காரன் அவன்.

"நான் எப்பவும்போலத்தான் சொல்லுதேன். அதுதான் முந்திட்டு."

மறுநாள் மூன்றாம் தேவ இரகசியத்தில் வந்தது. அடுத்த கிழமை இரண்டாவதில். யாரும் பயப்படவில்லை, முதலில் டீயைச் சீக்கிரம் குடிக்கப் பழகினார்கள், பிறகு டீயை எடுத்துக்கொண்டே வாசலுக்கு நடக்கப் பழகினார்கள். பெரிய ஊரிலிருந்து ஆட்கள் கருவிகளோடு வந்து ஓடுபாதையை அளந்தார்கள், அது இருந்த இடத்தில்தான் இருந்தது. மலையூத்துக்குப் போய் அங்கேயும் அளந்தார்கள், அதுவும் அங்கேதான் இருந்தது. பஸ்ஸுக்கு அதே ஒரு ராத்திரி. ரயிலுக்கு அதே பகல். திரும்பிப் போகிற விமானத்துக்கும் பழைய நேரம்தான் பிடித்தது. மலையூத்திலிருந்து தேரிக்குளம் வருகிற ஆகாயம் மட்டும், சலவைக்குப் போட்ட புதுத் துணிபோல, நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது.

விமானி ஒருநாள் சுக்குக் காப்பி குடிக்க வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"எதையும் விட்டுட்டு வரலம்மா" என்றார். "மலை இருந்துச்சு, ஆறு இருந்துச்சு, குளத்துல கொக்கு இருந்தது வரைக்கும் பார்த்தேன். எல்லாத்தையும் தாண்டித்தான் வந்தேன். ஆனா வந்துட்டேன்."

"ஆண்டவருடைய வழிய்யா" என்றாள் பிலோமினாள், "கொஞ்சம் கருப்பட்டி கூடப் போடட்டுமா?"

விமானத்துக்குள்ளே வேலை செய்கிற பெண், முதலில் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவள், பிறகு பாதிப் பேருக்குக் கொடுத்தாள், பிறகு வணக்கம் சொல்லிக் கும்பிட்ட கையை இறக்காமலே போய்வாருங்கள் என்றாள். விமானத்தில் வருகிற ஜவுளி வியாபாரிகள் தூங்குவதற்குக் கண்ணை மூடித் தேரிக்குளத்தில் திறந்தார்கள். குருத்தோலை ஞாயிறன்று பிலோமினாளின் இடுப்பில் ஃபோன் அடித்தபோது, அந்தச் சத்தமும் விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டன. வாகை மரத்தடியில் நின்றவர்கள் எல்லாரும், சொல்லிவைத்ததுபோல, ஒருமிக்கக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இசக்கி வண்டிக்கு முன்னால் ஒரு தேங்காய் உடைத்தான். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்குப் பாட்டுக்கு நடுவே கொஞ்ச நேரம் பீடத்தைப் பார்த்துச் சும்மா நின்றார்.

அதற்கப்புறம் தூரம் அதோடு நிற்கவில்லை. குறைந்து குறைந்து இல்லாமல் போன பிறகும் குறைந்தது.

விமானம் இறங்கி, ஆட்கள் இறங்கி, பெட்டிகள் வண்டியேறி, அப்புறம்தான் பிலோமினாளின் ஃபோன் அடித்தது. "எறங்கின ஆள் இப்பத்தான் ஏறுதாராம்ல" என்று இசக்கி வாயைப் பொத்திச் சிரித்தான். விமான நிலையத்துக்குள்ளே தொங்குகிற அறிவிப்புப் பலகையில், மலையூத்து விமானத்துக்கு நேரே, புறப்படுமுன்னே 'வந்துவிட்டது' என்று எழுத்து ஓடியது. பிறகு ஒருநாள் ஒன்றுக்கு இரண்டாக விமானம் இறங்கியது. மறுநாள் ஃபோன் அடித்து ஓய்ந்தது, விமானம் வரவே இல்லை. வானம் துடைத்த பாத்திரம்போல இருந்தது. எல்லாரும் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு அமலதாஸ்தான் மெதுவாகச் சொன்னான்:

"நேத்து ரெண்டு வந்துச்சே. ரெண்டாவதா வந்தது இன்னைக்குள்ளது."

அன்றையிலிருந்து தேரிக்குளத்தில் விமானத்துக்குக் காத்திருக்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். நினைத்துப் பார்த்தார்கள். ஃபோன் அடித்ததும் வாகை மரத்தடியில் வட்டமாக நின்று, இன்றைக்குப் புறப்பட்டது என்றைக்கு வந்தது என்று யோசிப்பார்கள். "போன மார்கழில, மழைக்குள்ள ஒண்ணு எறங்குச்சே, நான் கூட ஒரு பிள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரில கொண்டு விட்டேனே, அதுதான் இது" என்று ஒருத்தர் சொல்வார். சொன்ன பிறகு எல்லாருக்கும் அது ஞாபகத்துக்கு வரும், மறந்து வைத்த சாவி எப்போதும் வைக்கிற இடத்திலேயே கிடைப்பதுபோல. "அதான் போன மாசங்கள்ல கையில காசு கொஞ்சம் கூட நின்னுச்சு, எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாமலே மகளுக்குக் கம்மல் எடுத்துட்டேன்" என்று இசக்கி தன்னையே பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டான்.

மலையூத்தில் ஜனங்கள் சீட்டு வாங்க விடியுமுன் வரிசையில் நின்றார்கள் என்று கஸ்பர் சொன்னான். போகிற விமானம் இன்றைக்கு ஒரு மாதம் முந்தி இறங்கினால் நாளைக்கு இரண்டு மாதம் முந்தி இறங்கும், திரும்புகிற வழி மட்டும் ஏறின நாளுக்கே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். விமானம் தேரிக்குளத்தில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் இறங்கி, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்ள வேண்டும். புருஷனை இழந்த ஒருத்தி, அவன் மீன் கூடையோடு சைக்கிளில் போவதை ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஒருத்தர், அவள் மாடியில் தலை துவட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். போனவர்கள் யாரும் எதையும் மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. அவர்கள் போய் வந்ததையும் சேர்த்துத்தான் அந்தந்த நாள் அன்றைக்கே அப்படி இருந்தது. மீன்காரனும் சைக்கிளை மிதித்துக்கொண்டே, ஏனென்று தெரியாமல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டுத்தான் போயிருந்தான்.

ஈஸ்டர் கழிந்து சித்திரை வெயில் மறுபடி ஏறத் தொடங்கியபோது, ஒரு சாயங்காலம் கஸ்பர் பேசினான்.

"ம்மா, இன்னைக்குப் போன ஆளுக திரும்பி வந்து, அங்க மாம்பழம் பழுத்துக் கெடந்துச்சுன்னு சொல்லுதாங்க. அப்பா செத்த வருஷம். நாளைக்குப் போறது எந்த நாளுன்னு எனக்குக் கணக்குத் தெரியுது."

பிலோமினாள் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "போலே" என்றாள். "போயி மொகத்தைப் பாரு."

"எதுக்கு? அவன் ஆணி அடிக்கிறதைப் பாக்கதுக்கா?"

"உங்கப்பா மொகத்தைப் பாக்கதுக்கு. மூணு வருசமா நீ யாரு மொகத்தையும் சரியா பாக்கலலே, அது எனக்குத் தெரியும்."

"அவனும் அங்க நிப்பான்" என்றான்.

"நிக்கட்டும். அவனும் எம்பிள்ளதான்."

"லீவு தரமாட்டாங்கம்மா. பெட்டிய ஏத்திட்டு அப்படியே வேலைச் சட்டையோட ஏறிக்கிடணும். பிளைட்டு நிக்கிறதுக்குள்ள வீட்டுக்கு ஓடி, திரும்பி ஓடி வரணும்."

"ஓடு. ஓடுறதுக்குத்தானே ஆண்டவர் காலைக் குடுத்தாரு."

வாகை மரத்தின் மறுபக்கம் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அமலதாஸ், துணியைப் பிழிந்தபடி, யாருக்கோ சொல்லுகிறவனைப்போல, வண்டியைப் பார்த்துச் சொன்னான்: "அன்னைக்கு மணல் காத்து. கண்ணத் தொறக்க முடியாது. துண்டு ஒண்ணு கொண்டுபோய் மொகத்தச் சுத்திக்கிடச் சொல்லு."

பிலோமினாள் அதை அப்படியே சொன்னாள். யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஃபோனை வைக்குமுன், "துண்டு எடுத்துக்கிடுதேம்மா" என்றான்.

மறுநாள் காலையில் வாகை மரத்தடியில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. யாரும் டீ கேட்கவில்லை. இசக்கி வண்டி ரேடியோவை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஃபோன் அடித்தது, அவன் ஏறுகிற படியில் நின்றுதான் கொடுத்திருக்க வேண்டும், பாதி மணியிலேயே ஓய்ந்தது. பிலோமினாள் சிலுவை அடையாளம் போட்டாள். வானத்தில் ஒன்றும் இல்லை, ஒரு பருந்துகூட இல்லை. அவள் உதடு அசைந்தது, மணி உருண்டது, மனசு மட்டும் மூன்று வருஷத்துக்குப் பின்னால் போய், தன் வீட்டு முற்றத்தில், அந்தப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தது.

உட்கார்ந்ததும் காதில் ஒரு சத்தம் விழுந்தது. ஆமாம், அன்றைக்கு ஒரு விமானச் சத்தம். மத்தியான வேளை, அந்த நேரத்துக்கு எந்த விமானமும் வராத காலம், கூரைக்கு மேலே தாழ்வாக ஒன்று போக, பெட்டியைச் சுற்றி மாரடித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் ஒரு கணம் அழுகையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் அமலதாஸ் மூடியைத் தூக்கினான். அப்புறம் மூச்சு வாங்க ஒருத்தன் ஓடிவந்தான், துண்டால் முகத்தைச் சுற்றினவன், பட்டை மினுங்குகிற பச்சை மேல்சட்டை போட்டவன்...

பிலோமினாளின் விரல் மணியின் மேல் நின்றுவிட்டது.

பெட்டி ஏற்றுகிற வேலைக்காரர்கள் போடுகிற சட்டை அது. தினமும் காலையில் அவள் கண்ணுக்கு முன்னாலே, இந்த ஓடுபாதையில், அதே பச்சையில், அதே பட்டையோடு எத்தனை பேர் ஓடி ஓடிப் பெட்டி இறக்குகிறார்கள்! மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டும் பாராமல் இருந்தாளே.

"அமலு" என்றாள். "லேய் அமலு. பொத்தான்லே. அப்பாவோட கழுத்துப் பொத்தானு."

அமலதாஸ் வண்டியின் டிக்கியைத் திறந்து, அதன் மூடி கீழே விழாமல் தோளால் தாங்கிக்கொண்டு நின்றிருந்தான். எதை எடுக்கத் திறந்தான் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது. அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது, இருட்டு வீட்டில் ஒவ்வொரு சன்னலாக யாரோ திறந்துவிடுகிறதுபோல.

"நான் நின்னேம்மா" என்றான். "சாமியாரு மொறைச்சாரு, மாமா கையப் பிடிச்சு இழுத்தாரு. எதுக்குன்னே தெரியாம நின்னேன். கும்பிட்டவன் கையப் பார்த்ததும் மூடிய எறக்க எனக்கு மனசு வரல."

"எம்பிள்ளைக்குத்தான்லே நின்னிருக்க."

இசக்கி மணலில் உட்கார்ந்து தேம்பி அழுதான். அவன் அப்பாவும் இறந்துபோனவர்தான்.

திரும்புகிற வழிக்குப் பழைய தூரம் என்பதால், பிலோமினாள் இன்னொரு செபமாலை தொடங்கினாள். யாரும் நகரவில்லை. வெயில் மரத்தைச் சுற்றி வந்தது, அவர்களும் நிழலோடு சேர்ந்து நகர்ந்தார்கள். கடைசி மணியும் உருண்டு, கிருபைதயாபத்து மந்திரத்துக்கு அவள் வாய் திறந்தபோது ஃபோன் அடித்தது. அடித்து ஓயும் என்று பழக்கத்தில் காத்திருந்தாள். ஓயவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

"ம்மா" என்றான் கஸ்பர். தொண்டையில் மணல் கிடந்தது. "அண்ணன் இருக்கானா?"

அவள் ஃபோனை நீட்டினாள். அமலதாஸ் இரண்டு கையாலும் வாங்கினான், திருப்பலியில் நற்கருணை வாங்குகிறவனைப்போல.

"அண்ணே."

"சொல்லுலே."

"மூடி ரொம்பக் கனமா இருந்துச்சா?"

அமலதாஸ் வாகை மரத்தில் சாய்ந்து, சாய்ந்தபடியே சரிந்து, வேரில் உட்கார்ந்துவிட்டான். "கனமாலே? ரெண்டு நாளு தோளைத் தூக்க முடியல. நீ எந்திரிப்பியான்னு நின்னேன், எந்திரிக்கவே மாட்டேன்னுட்ட."

"எந்திரிக்க முடியலண்ணே."

"தெரியும். அதான் எறக்கல." தோளைத் தடவிக்கொண்டு, "மொகத்தைப் பார்த்தியா?" என்றான்.

"பார்த்தேன். அப்பா மொகத்தையும் பார்த்தேன். நிமிர்ந்து உன் மொகத்தையும் பார்த்தேன். துண்டுக்குள்ள இருந்தேன்லா, உனக்குத் தெரியல. நீ அழுதுக்கிட்டே நின்ன. என்ன வார்த்தை சொல்லிட்டேன் உன்னை, நீ எனக்கு நிக்கலன்னு..."

"விடுலே."

"வாய் தொறந்து அண்ணேன்னு கூப்பிட்டுறலாம்னு வந்துச்சு. கூப்பிட்டா, வெளிய வேற ஒரு கஸ்பர் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கான், நீ கொழம்பிருவன்னு பேசாம வந்துட்டேன்."

அமலதாஸ் அழுகையோடு சிரித்துவிட்டான். மூன்று வருஷமாக யாரும் கேட்காத சிரிப்பு. "அவன் வந்து என்னைய நல்லாத் திட்டுனான்லே" என்றான்.

"நாளைக்கு வாரேண்ணே. லீவு தராட்டி வேலையே வேண்டாம்."

மறுநாள் காலையில் மிஸ்டு கால் வரவில்லை. கொடுக்கிறவன் விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தான். அறிவிப்புப் பலகையில் 'வந்துவிட்டது' என்ற எழுத்தும் இல்லை. இனி எந்த நாளில் போய் இறங்குமோ, எந்தக் காலத்தில் போய்த் தேடுவதோ என்று டாக்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிலோமினாள் எப்போது தொடங்குவது என்று தெரியாமல், சரி, தொடங்கின நேரம்தான் நேரம் என்று தொடங்கினாள். முதல் தேவ இரகசியத்தில் வானம் வெறுமையாக இருந்தது. இரண்டாவதிலும். மூன்றாவதில் இசக்கி இரண்டு டீ குடித்தான். நாலாவதில் அமலதாஸ் வண்டியைத் துடைத்ததையே துடைத்தான். காத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவர்களுக்கெல்லாம் மறந்துபோயிருந்தது; ஒருத்தன் இன்னும் வரவில்லை, ஆனால் வந்துகொண்டிருக்கிறான் என்று நிற்பதில் இருக்கிற நிறைவை அவர்கள் புதுசாகப் பார்த்தார்கள், மாதங்கள் கழித்துத் திரும்பி வந்த தூரத்தை நெஞ்சு நிறைய மூச்சாக இழுத்தார்கள். ஐந்தாவதும் முடிந்தது. அவள் வாய் திறந்தாள். உடைமரக் காட்டுக்கு மேலே வெள்ளி மீன் மினுங்கியது.

எல்லாரும் இறங்கின பிறகு கடைசியாகக் கஸ்பர் கையில் ஒரு பெட்டியோடு வந்தான், பட்டை மினுங்குகிற பச்சை மேல்சட்டையோடு, கழுத்தில் துண்டோடு, துண்டின் மடிப்பிலெல்லாம் மூன்று வருஷத்துச் சிவப்பு மணலோடு. அமலதாஸ் முன்னே போய், எல்லாரிடமும் வாங்குகிறதுபோலவே, பெட்டிக்குக் கை நீட்டினான். கைப்பிடியைப் பிடித்தான். தம்பி இன்னும் கையை எடுக்கவில்லை. எடுக்காமலே இரண்டு பேரும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாகை மரத்தடிக்கு, அம்மா நிற்கிற இடத்துக்கு நடந்து வந்தார்கள்.